திருச்சி – பலாலி: ஏழு முறை பறந்த பிறகு

திருச்சி விமான நிலையத்திலிருந்து கோயம்புத்தூர் விமான நிலையம் நேர்கோட்டில் ஏறக்குறைய 185 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்துப் பலாலியும் ஏறக்குறைய அதே தூரம்தான். வரைபடத்தில் இதை அளந்து பார்த்த அன்று நெஞ்சு கனத்துவிட்டது. நான் ஸ்ரீரங்கத்தில், அம்மா பலாலிக்குப் பக்கத்துத் தெல்லிப்பழையில். இத்தனை ஆண்டுகளும் அவரைப் பார்க்க ஏதோ தூரதேசத்துக்குப் போவதுபோலத்தான் மூட்டை கட்டினேன்.

முன்பெல்லாம் கொழும்பு வழிதான். கட்டுநாயக்காவில் இறங்கி, ரயிலோ இரவு பஸ்ஸோ பிடித்து, வடக்கே ஏறக்குறைய 400 கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும். ஒரு பகலும் ஓர் இரவும் அதிலேயே கழியும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை போவதே பெரும்பாடு.

2025 மார்ச் 30 அன்று திருச்சியிலிருந்து பலாலிக்கு நேரடி விமானம் தொடங்கியது. அதன்பின் ஏழு முறை போய் வந்துவிட்டேன்.

டிக்கெட்டில் பயண நேரம் ஒரு மணி என்று இருக்கும். ஓடுபாதையை விட்டு எழும்பியதிலிருந்து தரை தொடும்வரை நான் கணக்கு வைத்துப் பார்த்ததில் 35 முதல் 42 நிமிடங்கள்தான். ஏடிஆர் 72 ரக விமானம், இறக்கைகளில் சுழல்விசிறி (புரொப்பெல்லர்) வைத்தது. மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் போகக்கூடியது. ஆனால் இவ்வளவு குறுகிய தூரத்தில் ஏறுவதற்கும் இறங்குவதற்குமே பாதி நேரம் போய்விடுகிறது. கார்த்திகை மழையில் ஒருமுறை வானத்திலேயே வட்டமடித்து 58 நிமிடம் ஆனது. மழைக்காலத்தில் போவோர் அன்று மாலையே வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் என்று கணக்கிட்டால் ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தூரம் கோவையளவு என்றாலும் இது வெளிநாட்டுப் பயணம். பாஸ்போர்ட், இலங்கை நுழைவு அனுமதி, குடிவரவு வரிசை, சுங்கம் எல்லாம் உண்டு. இரண்டு நாட்டிலும் ஒரே நேரம் என்பதால் கடிகாரத்தைத் தொட வேண்டியதில்லை. இருக்கைக்கு மேலே உள்ள பெட்டி சிறியது; சக்கரம் வைத்த கைப்பெட்டி அதில் நுழைவது கஷ்டம். துணிப்பையே நல்லது.

போகும்போது இடப்பக்க சன்னலைக் கேளுங்கள். டெல்டாவின் பச்சை முடிந்து, அதிராம்பட்டினம் பக்கம் கரை விலகி, பாக்கு நீரிணை விரியும். வானம் தெளிந்திருந்தால் தொலைவில் கோடியக்கரையின் மூக்கு தெரியும். அதைப் பார்த்துக் கண்ணெடுப்பதற்குள் காங்கேசன்துறைப் பக்கத்துப் பனைகள் வந்துவிடும். ஏழாவது முறையும் எனக்குத் தொண்டை அடைத்தது. 1947 டிசம்பரில் அன்றைய இலங்கை விமான நிறுவனமான ஏர் சிலோனின் முதல் விமானம் கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையிலிருந்து சென்னைக்குப் போனபோதும் இந்தப் பலாலியில் இறங்கித்தான் போனது. இடையில் எத்தனை ஆண்டுகள் இந்த வானம் நமக்கு மூடிக் கிடந்தது!

பலாலியிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஆட்டோவில் கால் மணி நேரம். அம்மா இப்போதெல்லாம் தொலைபேசியில் நேரம் கேட்பதில்லை. விமானச் சத்தம் வீட்டுக்கு மேலே கேட்ட பிறகுதான் உலை வைக்கிறார். நான் குடிவரவு முடித்து, பெட்டி எடுத்து, படலையைத் திறக்கும்போது சோறு வடித்திருக்கிறது.