புவித்தட்டு – எரிமலை மர மாதிரி: தட்டுகள் அருமை, அடியில் பூசிய சிவப்பு தவறு

மதுரை மேலமாசி வீதியை ஒட்டிய ஒரு கடையில் எங்கள் பள்ளிக்காக 850 ரூபாய்க்கு வாங்கிய மாதிரி இது. புவியின் மேற்பரப்பாக அமைந்த மாபெரும் பாறைப் பலகைகளான புவித்தட்டுகளைக் காட்டும், நகர்த்தக்கூடிய இரண்டு மரத்தட்டுகள், குறுக்குவெட்டைக் காட்டும் வண்ணப் பலகை, தமிழ்க் கையேடு ஆகியவை பெட்டியில் உள்ளன.

தட்டுகளின் அமைப்பை மனமாரப் பாராட்டுகிறேன். கடல்தட்டைத் தள்ளினால் அது கண்டத்தட்டின் அடியில் சாய்வாக இறங்குகிறது. எரிமலை வரிசையை, தட்டு இறங்கத் தொடங்கும் ஆழ்பள்ளமான கடல் அகழியின் ஓரத்தில் செதுக்காமல், இறங்கும் தட்டு ஏறத்தாழ 100 கி.மீ. ஆழத்தை எட்டும் இடத்துக்கு மேலே செதுக்கியிருப்பது, செய்தவர் பாடத்தை உணர்ந்தே செய்திருக்கிறார் என்பதைக் காட்டுகிறது.

ஆனால் புவியின் மேலோட்டுக்குக் கீழுள்ள கவசம் எனும் பாறை அடுக்கு முழுவதையும் கொதிக்கும் செங்குழம்பாகத் தீட்டியிருப்பதை ஏற்க முடியவில்லை. கவசம் பெரும்பாலும் திடப்பாறையே. மிக மெல்ல நகரும் அளவுக்குத்தான் அது இளகியது. எங்கும் உருகியே கிடக்கிறது என்று மாணவர்கள் நம்பிவிட்டால், எரிமலைகள் ஏன் சில இடங்களில் மட்டும் எழுகின்றன என்ற கேள்வியே அவர்களுக்குத் தோன்றாது. கீழிறங்கும் கடல்தட்டு தன் கனிமங்களுக்குள் நீரைச் சுமந்து செல்கிறது. ஆழத்தின் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெளியேறும் அந்த நீர், மேலுள்ள கவசப் பாறையில் ஊடுருவி அதன் உருகுநிலையைக் குறைப்பதால்தான் பாறைக்குழம்பு பிறக்கிறது. தட்டுகள் விலகும் இடங்களில், மேலெழும் கவசப் பாறை அழுத்தம் குறைவதாலேயே உருகுகிறது. ஐஸ்லாந்தின் எரிமலைகளுக்கு இதுவும் ஒரு காரணம். இந்த இரண்டு வழிகளுமே பலகையில் இல்லை.

கையேடு பலகையைவிட மேலானது. பசிபிக் கடலைச் சுற்றியுள்ள எரிமலை வரிசையான நெருப்பு வளையத்தோடு நிற்காமல், தட்டின் நடுவிலும் எரிமலை எழும் என்பதற்கு ஹவாயைக் காட்டுகிறது. இந்தியத் தட்டு கீழிறங்குவதால் அந்தமான் கடலில் எழுந்த பாரன் தீவு, நெடுங்கால அமைதிக்குப் பின் 1991இல் மீண்டும் வெடித்ததையும் சொல்கிறது. ஆனால் இமயமலையில் எரிமலை வரிசை ஏன் இல்லை என்பதை விட்டுவிட்டது. அங்கே மோதுபவை இரண்டும் கண்டத்தட்டுகள். கடல்தட்டைப் போல நீரைச் சுமந்து ஆழத்தில் இறங்க அங்கே இப்போது எதுவும் இல்லை. மதுரைக்கு அருகிலுள்ள யானைமலையும் எரிமலையா என்று எங்கள் பிள்ளைகள் கேட்பதுண்டு. இல்லை, மதுரை இந்தியத் தட்டின் எல்லைகளிலிருந்து வெகு தொலைவில் உள்ளது, ஹவாயைப் போலத் தட்டின் நடுவே எரிமலை எழும் இடமும் அல்ல என்பதையும் இந்தக் கையேட்டில் ஒரு பத்தியாகச் சேர்க்கலாம்.

ஏழாம் வகுப்புக்குத் தாராளமாக வாங்கலாம். பலகையை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். கவசப் பாறையில் மிகுந்துள்ள ஆலிவின் கனிமத்தின் பச்சையை நாங்கள் அதில் பூசி, இறங்கும் தட்டுக்கு மேலே சிறு திட்டாக மட்டும் சிவப்பை விட்டுவைத்தோம்.