எக்ஸ்ரேயில் விழும் சிவப்புக் கட்டம்: இரண்டரை ஆண்டு அனுபவம்

சென்ற வாரம் கல்லூரித் தோழி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். திருவாரூரில் சொந்தமாகப் பல் கிளினிக் தொடங்கப் போகிறாள். "நீ வைத்திருக்கிறாயே, எக்ஸ்ரே படிக்கும் ஏஐ மென்பொருள், அதன் ஆண்டுச் சந்தாவை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துவிட்டார்களாம். நானும் வாங்கட்டுமா?" என்று கேட்டாள். அரை மணி நேரம் பேசியும் அவளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. சொல்ல நினைத்ததை எல்லாம் எழுதியே விடுகிறேன்.

கும்பகோணத்தில் என்னுடையதும் சிறிய பல் கிளினிக். ஒரு நாற்காலி, வாய்க்குள் வைத்து டிஜிட்டல் எக்ஸ்ரே எடுக்கும் ஒரு ஆர்விஜி சென்சார், ஒரு உதவியாளர். இரண்டரை ஆண்டுகளாக நான் எடுக்கும் ஒவ்வொரு எக்ஸ்ரேயும் இந்த மென்பொருள் வழியாகத்தான் திரைக்கு வருகிறது. சொத்தை என்று அது நினைக்கும் இடத்தில் சிவப்புக் கட்டம் போடும். பல்லைத் தாங்கும் எலும்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை மில்லிமீட்டரில் எழுதிக் காட்டும். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை, விற்பனைப் பிரதிநிதி எல்லோருக்கும் சொல்லியிருப்பார்.

என் கோபம் ஒரே ஒரு விஷயத்தில்தான். படம் திறக்கும்போதே கட்டங்களோடு திறக்கிறது.

மறைக்க முடியும். ஒரு விசையைத் தட்டினால் கட்டங்கள் போய்விடும். ஆனால் அடுத்த படத்தைத் திறந்தால் மறுபடியும் வந்து நிற்கும். முதலில் வெறும் படம், நான் கேட்டால் மட்டும் கட்டம் என்று மாற்றி வைக்க வழியே இல்லை. நிறுவனத்துக்கு மூன்று முறை மின்னஞ்சல் எழுதினேன். மூன்று முறையும் 'தங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது' என்ற அதே பதில்.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். என் திரை நாற்காலியோடு பொருத்தப்பட்டது, நோயாளியின் கண்ணுக்கு நேராக இருக்கிறது. நான் கையுறையைக் கழற்றிவிட்டுத் திரும்புவதற்குள் அவர் பார்த்துவிடுகிறார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு சொல்லப்பட்டுவிடுகிறது.

போன ஜூன் மாதம் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியை அவள் அப்பா அழைத்து வந்தார். விடுதியில் தங்கிப் பொறியியல் படிக்கும் பெண். வலி எதுவும் இல்லை, வழக்கமான பரிசோதனைதான். பல்லைக் கடித்த நிலையில் மேல், கீழ்ப் பற்களின் இடுக்குகளைக் காட்டும் பைட்விங் எக்ஸ்ரே எடுத்தோம். மேல் தாடையில் பல் இடுக்கில் இரண்டு சிவப்புக் கட்டங்கள். கட்டத்தை மறைத்துவிட்டுப் பார்த்தால், பல்லின் கடினமான மேலோடான எனாமலின் வெளிப்பாதியோடு நின்றுவிட்ட மெல்லிய நிழல். அதற்கு அடியில் இருக்கும் டென்டினைத் தொடவில்லை. இந்த நிலையில் பல்லைக் குடையக் கூடாது. மேற்பரப்பு உடையாமல் இருந்தால் ஃபுளோரைடு கொடுத்து, இடுக்கைச் சுத்தமாக வைத்துக்கொண்டால், அது அப்படியே நின்றுவிடும். ஆனால் டென்டின்வரை இறங்கிய சொத்தைக்கும் இதே சிவப்பு, இதே தடிமன்.

"சிவப்பாகக் காட்டுகிறதே டாக்டரம்மா, இன்றைக்கே அடைத்துவிடுங்கள். காசைப் பற்றி யோசிக்க வேண்டாம்" என்றார் அப்பா. நான் விளக்கிக்கொண்டே இருந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பல்லுக்குக் கம்பி கட்டுவதற்கு முன் இடைவெளி உண்டாக்கப் போடும் சிறிய ரப்பர் வளையம் இருக்கிறதல்லவா, அதை அந்த இரண்டு இடுக்கிலும் செருகி அனுப்பினேன். மூன்றாம் நாள் வந்தாள். வளையத்தை எடுத்ததும் கீற்றளவு இடைவெளி விட்டிருந்தது. காற்றடித்து உலர்த்தி, உருண்டை முனைக் கருவியால் அழுத்தாமல் வருடிப் பார்த்தேன். சுண்ணாம்புத் துணுக்குப் போல ஒரு வெள்ளைப் புள்ளி. வழுவழுப்பாக இருந்தது, எங்கும் குழியில்லை. அப்பாவைக் கிட்டே அழைத்துக் கண்ணாடியில் காட்டினேன். ஃபுளோரைடு வார்னிஷ் தடவி, ஃபிளாஸ் நூலைப் பிடிக்கும் முறையைப் பழக்கி, சாப்பாட்டுக்கு நடுவே தேநீரும் பிஸ்கட்டுமாகப் போவதைக் குறைக்கச் சொல்லி அனுப்பினேன். அப்பா அரை மனதோடுதான் போனார்.

இது எனக்கு மட்டும் நேர்வதில்லை. பெர்லினில் 2021-ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்றில் 22 பல் மருத்துவர்களிடம் பைட்விங் படங்களைக் கொடுத்து, சிலவற்றை ஏஐ துணையோடும் சிலவற்றைத் துணையில்லாமலும் படிக்கச் சொன்னார்கள். துணையோடு படித்தபோது சொத்தையைக் கண்டுபிடிக்கும் திறன் கூடியது, குறிப்பாக எனாமல் அளவிலான தொடக்கச் சொத்தைகளில். கூடவே குடைந்து அடைக்கும் முடிவுகளும் அதிகரிக்க வாய்ப்புண்டு என்று ஆய்வாளர்களே எச்சரித்தார்கள். படித்துப் பட்டம் பெற்ற எங்கள் கையையே கட்டம் இப்படித் தள்ளுகிறது என்றால், நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருப்பவர் என்ன செய்வார்?

எனாமல் மறுபடி வளராது. இன்றைக்கு ஒரு சின்ன ஃபில்லிங் போட்டால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அது பெயரும். அடுத்தது அதைவிடப் பெரிதாக இருக்கும், அதற்கடுத்து வேர் சிகிச்சை, பிறகு உறை. பத்தொன்பது வயதுப் பல்லை அந்த வழியில் ஏற்றிவிடும் கை என்னுடையதாக இருக்கக் கூடாது.

இவ்வளவு சொல்லிவிட்டு இதையும் சொல்லாமல் விட்டால் அநியாயம். அது என்னைவிட நன்றாகப் பார்க்கிறது. அதே பெர்லின் குழு 2020-இல் நடத்திய சோதனையில், நூறு சொத்தை இருந்தால் இயந்திரம் 75-ஐப் பிடித்தது, பல் மருத்துவர்கள் சராசரியாக 36-ஐத்தான் பிடித்தார்கள். முதலில் படித்தபோது நம்பவில்லை. இப்போது நம்புகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு, ஞானப்பல் வலியோடு ஓர் இளைஞர் வந்தார். பல் முன்பக்கம் சாய்ந்து, பக்கத்துக் கடைவாய்ப்பல்லின் முதுகில் முட்டிக்கொண்டு கிடந்தது. காலை முதல் நின்ற களைப்பில் நான் ஞானப்பல்லை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டம் விழுந்தது ஞானப்பல்லில் அல்ல, அதற்கு முன்னால் இருந்த பல்லின் முதுகில். ஞானப்பல்லை எடுத்த பிறகு பார்த்தால், அங்கே மெத்தென்ற பழுப்புச் சொத்தை, நரம்புக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அடைத்துக் காப்பாற்றினோம். மென்பொருள் இல்லாவிட்டால் ஓராண்டு கழித்து அவர் வேர் சிகிச்சைக்குத்தான் வந்திருப்பார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நன்றியாகவும் இருந்தது.

எலும்பு அளவும் அப்படித்தான். ஈறு நோயைப் பற்றி வாய் வலிக்கப் பேசியும் திரும்பி வராத சர்க்கரை நோயாளிகள், 'இரண்டு மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டியது உங்களுக்கு ஐந்தாகிவிட்டது' என்று திரையில் எண்ணைப் பார்த்ததும் ஒழுங்காக வருகிறார்கள். அங்கே மட்டும், நோயாளியின் கண் திரைமேல் இருப்பது எனக்கு மகிழ்ச்சிதான்.

எதிர்பாராமல் கிடைத்த இன்னொரு லாபம் என் உதவியாளருடையது. சென்சாரை வைக்கும் கோணம் தப்பினால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழும், அந்த இடுக்கை மென்பொருள் படிக்காது. அது படிக்காமல் விட்டால் அவருக்குப் பொறுக்காது. ஆறே மாதத்தில் கோணம் அவர் கைக்கு வந்துவிட்டது. பைட்விங் முறையை ஹோவர்ட் ரேப்பர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் கொண்டுவந்தது 1925-இல். அத்தனை பழைய வித்தையை எங்கள் கிளினிக்கில் ஒழுங்காகச் செய்யவைத்தது இந்தப் புதிய சரக்கு.

குறைகளும் உண்டு. பல்லின் கழுத்தில் கதிர் எளிதாகப் புகுந்து போவதால் விழும் வெறும் நிழலைச் சொத்தை என்று சொல்லிவிடும். எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியாமல் கறுப்பாக விழும் பழைய ஃபில்லிங்கையும் சொத்தை என்றே நினைக்கும். இணையம் போனால் படுத்துவிடும். இவற்றுக்கெல்லாம் பழகிவிட்டேன், கோபம் இல்லை. அமெரிக்காவில் 2021 முதல் இத்தகைய மென்பொருள்களுக்கு அனுமதி கொடுத்து வரும் அந்நாட்டு மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏகூட, மருத்துவருக்குத் துணை என்ற அளவில்தான் கொடுத்திருக்கிறது. துணையாக வந்தது எனக்கு முன்னால் பேசுகிறதே என்பதுதான் என் குறை.

ஆகவே தோழிக்கு என் பதில்: இப்போது வாங்காதே. விலை இன்னும் பாதியானாலும் வாங்காதே. முதல் இரண்டு ஆண்டுகள் வெறும் படத்தை நீயே பார், சந்தேகம் வந்தால் எனக்கு அனுப்பு. நோயாளி உன் முகத்தைப் பார்த்து நம்பப் பழகட்டும். நல்ல மென்பொருள், உன்னைவிட, என்னைவிடக் கூர்மையான கண், எல்லாம் உண்மை. இருந்தாலும் இந்த ஆண்டு நானும் சந்தாவைப் புதுப்பிக்கப் போவதில்லை. வெறும் படத்தை முதலில் காட்டும் ஏற்பாட்டைச் செய்தார்கள் என்றால் பழைய முழு விலையையே கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.

ஜூன் மாதம் அந்தப் பெண்ணுக்கு மறுபடி படம் எடுக்க வேண்டும். போன ஆண்டுப் படத்தைக் கட்டம் இல்லாமல் தனியாகச் சேமித்து வைத்திருக்கிறேன். இரண்டையும் அருகருகே வைத்து, முதலில் அவள் அப்பாவைத்தான் பார்க்கச் சொல்லப் போகிறேன்.