கடைசி வரிசைக்கு ‘ன்’ கேட்குமா? சென்னையில் நாடகம் போட எந்த அரங்கம்

போன மாதம் எங்கள் குழுவின் நாடகத்தை எழும்பூர் மியூசியம் தியேட்டரில் இரண்டு நாள் போட்டோம். ஏழு பேர் நடிக்கும் குடும்பக் கதை, ஒரே செட், ஒன்றே முக்கால் மணி நேரம். ஒத்திகையை விட அதிக நேரம் எடுத்துக்கொண்டது, எந்த அரங்கம் என்ற சண்டைதான். பாதிப் பேர் சபா ஹால் (உறுப்பினர் சேர்த்துக் கச்சேரியும் நாடகமும் நடத்துகிற சங்கங்களின் அரங்கம்) என்றார்கள். இரண்டு இளைஞர்கள் நுங்கம்பாக்கம் அலையன்ஸ் பிரான்சேஸ் மாதிரிச் சின்ன அரங்கம் என்றார்கள். நான் மியூசியம் கட்சி. எனவே இதில் நடுநிலைமை எதிர்பார்க்காதீர்கள்.

வாடகை, கேன்டீன், போக்குவரத்து மூன்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம். வாடகை வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது, நேரில் போய்க் கேட்பதே நல்லது. கேன்டீனில் சபாக்களை யாரும் அடிக்க முடியாது. போக்குவரத்தில் எழும்பூருக்கு 2018இல் மெட்ரோ வந்துவிட்டது. சபாக்கள் நிறைந்த மயிலாப்பூரில் அதே மெட்ரோவுக்காக லஸ் பக்கம் தோண்ட ஆரம்பித்ததிலிருந்து நேற்று போன வழியில் இன்று போக முடிவதில்லை. மியூசிக் அகாடமியின் பெரிய ஹாலையும் ஒருவர் சொன்னார். சுமார் 1600 நாற்காலி. எங்கள் நாடகத்துக்கு நானூறு பேர் வந்தாலே எங்களுக்குத் தீபாவளி.

சபாவின் பலத்தைக் குறைத்துச் சொன்னால் பாவம். சென்னைத் தமிழ் நாடகம் அரை நூற்றாண்டுக்கு மேல் சபா மேடையில்தான் சோறு சாப்பிட்டது. தி.நகர் வாணி மகாலைத் தோற்றுவித்தவரே சித்தூர் நாகையா என்ற நடிகர். ஒய்.ஜி. பார்த்தசாரதியின் யு.ஏ.ஏ. நாடகக் குழு 1952இல் தொடங்கியது. சோ, பாலசந்தர், காத்தாடி ராமமூர்த்தி, கிரேசி மோகன் என்று வரிசையாகச் சபா மேடையில் தேறி வந்தவர்கள். சபா நம் நாடகத்தை எடுத்துக்கொண்டால் உறுப்பினர்கள் தானாக வந்துவிடுவார்கள், டிக்கெட் விற்கிற தலைவலியே கிடையாது. மியூசியத்தில் ஒவ்வொரு டிக்கெட்டையும் நாங்களே கையில் வைத்துக்கொண்டு சொந்தக்காரர், ஆபீஸ், அபார்ட்மென்ட் வாட்ஸப் குழு என்று அலைந்தோம். புதுக் குழுவாக இருந்தால், யாராவது சபா கூப்பிட்டால், யோசிக்காமல் போங்கள். மார்கழி மட்டும் மறந்துவிடுங்கள். கச்சேரி முடியும் வரை அங்கே நாடகத்துக்கு இடமில்லை.

பிறகு ஏன் நான் மியூசியத்துக்காக அப்படிச் சண்டை போட்டேன்? ஒரே ஒரு எழுத்துக்காக.

எங்கள் நாடகத்தின் முடிச்சு, பீரோவிலிருந்து நகையை எடுத்தது மகனா மருமகளா என்பது. இடைவேளைக்கு முன்னால் அம்மா பாத்திரம் மெல்லச் சொல்ல வேண்டிய வசனம்: “நகையை எடுத்தான்.” புத்தகத் தமிழில் பிரச்சினை இல்லை. ஆனால் வீட்டில் யார் அப்படி ‘ன்’னை அழுத்திப் பேசுகிறோம்? ‘எடுத்தா’ என்று வாய் சொல்ல, கடைசியில் மூக்கு வழியாக ஒரு மூச்சு. அந்த மூச்சு கேட்டால் மகன், கேட்காவிட்டால் மருமகள். தமிழில் ஆணா பெண்ணா, நானா நீயா, செய்தானா செய்தாரா எல்லாமே வினைச்சொல்லின் வாலில்தான் தொங்குகிறது. எதிரொலிக்கிற ஹாலில் முதலில் கரைவதும் அந்த வால்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே நாடகத்தை ஒரு ஹாலில் (பெயர் வேண்டாம்) போட்டபோது, இடைவேளையில் அத்தை கிரீன் ரூமுக்கே வந்துவிட்டாள்.

“ஏண்டா, மருமகதான் எடுத்தான்னு இப்பவே சொல்லிட்டா, மிச்ச நாடகம் எதுக்கு?”

“மருமக இல்ல அத்தை, மகன்.”

“எனக்கு அப்படிக் கேக்கலையே. பக்கத்துல உக்காந்தவங்களுக்கும் கேக்கல.”

இத்தனைக்கும் மேடைக்கு மேலே மூன்று மைக் தொங்கிக்கொண்டிருந்தது. தொங்கும் மைக் வசனத்தை மட்டும் எடுப்பதில்லை. செருப்புச் சத்தம், நாற்காலி இழுக்கிற சத்தம், ஏ.சி. உறுமல் எல்லாவற்றையும் அதே மரியாதையோடு எடுக்கிறது. இன்னொரு கெடுதல், நடிகர்கள் தம்மை அறியாமல் அதன் அடியில் போய் நின்றுவிடுவார்கள். கணவன் மனைவி சண்டையில் இருவரும் பஸ் ஸ்டாப்பில் நிற்பதுபோல் தோளோடு தோள் நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சபையைப் பார்த்துப் பேசுகிற காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காலர் மைக் போடலாமே என்பார்கள். போட்டோம். அம்மாவின் பட்டுப்புடவை சரசரவென்று தனி வசனம் பேசியது. மகன் அவளைக் கட்டிக்கொண்டு அழும் இடத்தில் ‘டொம்’ என்று ஒரு வெடி.

மியூசியம் தியேட்டர் 1896ஆம் ஆண்டுக் கட்டடம். மேடைக்கு மைக் என்ற சாமானே வராத காலம். அன்றைக்கு நடிகன் தொண்டையை நம்பித்தான் எல்லாமே. 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் விக்டோரியா பப்ளிக் ஹாலில் நாடகம் போட்டபோதும் அதே கதிதான். கிட்டப்பா காலத்து நாடக நடிகர்கள் அவ்வளவு உச்ச சுருதியில் பாடியதற்கு, கடைசி ஆள் வரைக்கும் குரல் போய்ச் சேர வேண்டும் என்ற கட்டாயமும் ஒரு காரணம். மைக் இல்லாத காலத்தில் கட்டியவர்கள் நாற்காலியை எப்படிப் போடுவது என்று யோசித்துத்தான் ஆக வேண்டும். இங்கே அரைவட்டமாகப் போட்டிருக்கிறார்கள்.

ஒரு காகிதக் கணக்கு போட்டுப் பாருங்கள். 600 பேரை நீளச் சதுர ஹாலில் வரிசைக்கு 20 பேராக உட்காரவைத்தால் 30 வரிசை. வரிசைக்கு மூன்றடி என்றால் கடைசி ஆள் 90 அடி தள்ளி. அதே 600 பேரை, ஆளுக்கு எட்டுச் சதுர அடி வீதம் அரைவட்டத்தில் உட்காரவைத்தால் கடைசி ஆள் 55 அடியில் வந்துவிடுவார். ஒலி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத் தேய்வதால், 55 அடியில் இருப்பவருக்கு வந்து சேரும் குரல் 90 அடியில் இருப்பவரை விட இரண்டரை மடங்குக்கு மேல். நிஜ ஹாலில் சுவரும் கூரையும் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும், கணக்கு இவ்வளவு சுத்தமாக இருக்காது. ஆனால் திரும்பி வருகிற ஒலிதான் ‘ன்’னைக் கரைக்கிறது, நேராக வருகிற ஒலிதான் காப்பாற்றுகிறது. நமக்கு வேண்டியது நேர் ஒலி.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை செய்தோம். நீங்களும் செய்யுங்கள், காலணா செலவில்லை. நாடகம் தெரியாத ஒருவரைக் கடைசி வரிசை மூலையில் பேனாவோடு உட்காரவைத்து, மைக் இல்லாமல் இருபது வசனம் சொல்லுங்கள். ‘வரேன்’, ‘வரான்’, ‘வரா’, ‘வரல’, ‘வரலாம்’ மாதிரி வால் மட்டும் மாறுகிற வசனங்கள். எழுதியதை வாங்கிப் பாருங்கள். மியூசியத்தில் என் தம்பி மகன் பதினேழு சரியாக எழுதினான். தவறவிட்ட மூன்றும், அம்மாவாக நடித்தவர் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிச் சொன்னவை.

அரைவட்டத்தின் வில்லங்கமும் அதுதான். மெய்யெழுத்துகளின் கூர்மை வாய் நோக்கும் திசையில்தான் போகிறது. வலப்பக்கம் பார்த்துப் பேசினால் இடப்பக்க மூலைக்கு வெறும் உயிரெழுத்துதான் மிஞ்சும். ஓரத்து நாற்காலிக்காரருக்கு விங்ஸில் (மேடையின் பக்க மறைவில்) காத்திருப்பவர் தெரியவும் வாய்ப்புண்டு. நாங்கள் சோபாவை மேடையின் பின்பக்கம் நடுவில் போட்டு, முக்கிய வசனங்களையெல்லாம் அங்கேயிருந்து சொல்லவைத்தோம். பாதி நாடகத்தை மறுபடி ஒத்திகை பார்க்க வேண்டியிருந்தது. சபா மேடைக்குப் பழகிய ஒரு மூத்த நடிகர், “மைக் இல்லாம எதுக்கு சார் நான் நடுவுல நிக்கணும்?” என்று கடைசி வாரம் வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

அரங்கம் அரசு அருங்காட்சியகத்தினுடையது என்பதால் கடிதம், முன்பணம், ரசீது என்று அரசு அலுவலக நடை. ஆத்திரப்படுபவருக்கு ஏற்றதல்ல. முன்பெல்லாம் எந்த ஹாலானாலும் ஸ்கிரிப்டைப் போலீசிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். அதற்கு வழிசெய்த 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவுகளை, எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2013இல் ரத்து செய்தது. அந்தப் படலத்தோடு ஒப்பிட்டால் ஒரு முன்பண ரசீது ஒன்றுமே இல்லை.

சின்ன அரங்கம் பற்றி அதிகம் பேச எனக்கு அருகதை இல்லை. நூற்றுச் சொச்சம் பேருக்கு ஒரே ஒரு தடவை போட்டிருக்கிறேன். ‘ன்’ மட்டுமில்லை, நடிகர் எச்சில் விழுங்குவது கூடக் கேட்டது. இரண்டு பேர் நாடகம் என்றால் நான் அங்கேதான் போவேன். ஏழு பேர், சோபா, பீரோ என்று வந்தால் மேடை தாங்குமா என்று சொல்லத் தெரியவில்லை. நாட்டியத்துக்கு எது தோது என்பதைக் காலில் சலங்கை கட்டியவர்களிடம் கேளுங்கள். அவர்களுக்குத் தரைதான் முதல் கவலை.

இரண்டாம் நாள் அத்தையைக் கடைசி வரிசையிலேயே உட்காரவைத்தேன். இடைவேளையில் அவள் கிரீன் ரூமுக்கு வரவில்லை. நானே தேடிக்கொண்டு போனேன்.

“மகன்தான் எடுத்தானா?”

“அதான் சொன்னாளே. ஆனா அவனுக்கு ஒட்டின மீசை ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு இருக்கு, போய்ச் சரிபண்ணு.”