கிராம சபை ரிவ்யூ: டீ சுமார், மைக் மோசம், தீர்மான நோட்டுதான் எல்லாம்

ஹோட்டலுக்கு ரிவ்யூ போடுறோம், லாட்ஜுக்கு போடுறோம், ஏற்காடு போட் ஹவுஸுக்கு கூட அவ்ளோ பேர் போட்டிருக்காங்க, கிராம சபைக்கு ஒருத்தர் போட்டு நான் பாக்கல. அதான் இது. நான் வேலை பாக்குறது சேலத்துல, ஆனா ஓட்டு இன்னும் மேல ஏற்காடு மலையிலதான், அப்பா அம்மா அங்கதான் இருக்காங்க. எந்த ஊராட்சினு மட்டும் கேக்காதீங்க, சொன்னா அடுத்த தடவை எங்கப்பாவுக்கு டீ கெடைக்காது.

கீழ சேலம் மாநகராட்சியில மொத்தம் 60 வார்டு, மாமன்றக் கூட்டம்னா அங்க பேசுறது கவுன்சிலருங்க, நம்மள மாதிரி ஆளு நடுவுல எந்திரிச்சு பேச முடியாது. நகரத்துல ஜனங்க பேசுறதுக்குனு இருக்கறது பகுதி சபா, அதுவே தமிழ்நாட்டுல 2022 நவம்பர் 1லதான் ஆரம்பிச்சாங்க. என் கூட வேலை பாக்குற அம்மாபேட்டைக்காரன் ஒருத்தன், 1917ல ராஜாஜியே சேர்மனா உக்காந்த முனிசிபாலிட்டிடா எங்களோடதுன்னு பீத்துவான், சரி அதுல நீ எந்திரிச்சு ஒரு வார்த்தை பேசுவியானு கேட்டா கப்சிப். கிராம சபை அப்படி இல்லைங்க. 1994 ஊராட்சி சட்டத்துலயே இருக்கு, அந்த ஊராட்சி வோட்டர் லிஸ்ட்ல பேர் இருந்தா நீங்க உறுப்பினர், கட்சி வேணாம், சிபாரிசு வேணாம், யார்கிட்டயும் பர்மிஷன் கேக்க வேணாம். வருஷத்துக்கு ஆறு தடவை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஜனவரி மட்டும் எங்க பக்கம் கொஞ்சம் டல்லடிக்கும், காபி பறிக்கிற சமயம், அவங்கவங்க தோட்டத்துல இருப்பாங்க.

நான் போனது ரெண்டு தடவை, மே 1 அப்புறம் ஆகஸ்ட் 15. ஆகஸ்ட்டுல காலையில சேலத்துல வேர்த்துக்கிட்டே பஸ் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவும் தாண்டி எறங்குனா மேல பனிமூட்டம், சாரல், ஸ்வெட்டர் எடுக்காம போனது என் தப்பு. நோட்டீஸ்ல 11 மணி. ஆரம்பிச்சது 11.40. இதுக்கு ஒரு ஸ்டார் கட்.

இடம் ஸ்கூல் கிரவுண்டு, மதச்சார்புள்ள வளாகத்துல நடத்தக் கூடாதுனு ஒவ்வொரு தடவை அறிவிப்புலயும் வரும், அதனால கோயில் மண்டபம் கெடையாது. ஷாமியானா போட்டிருந்தாங்க, ஒரு மூலையில தண்ணி சொட்டிக்கிட்டே இருந்துச்சு. பிளாஸ்டிக் சேர் பூரா ஆம்பளைங்க, கீழ தார்ப்பாய்ல பொம்பளைங்க, இத யாரும் சொல்லி வைக்கல, தானா அப்படித்தான் உக்காருறாங்க. மைக் ரெண்டு வார்த்தை வரும், மூணாவது வார்த்தைக்கு கூ-னு ஊளையிடும். டீ சுமார். காபி வெளையுற மலையில காபி குடுக்கலாம்ல, என்னமோ போங்க.

ஊராட்சித் தலைவருங்க பதவிக்காலம் எங்க மாவட்டத்துல 2025 ஜனவரியோட முடிஞ்சிருச்சு, அதுக்கப்புறம் அவங்க எடத்துல தனி அலுவலர்தான், அதாவது பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்), ஆனா அவரு ஒருத்தரே எத்தனை ஊராட்சியில உக்காருவாரு, அதனால கூட்டத்துக்குனு பற்றாளர்னு ஒரு அதிகாரியை அனுப்புவாங்க. எங்களுக்கு வந்தவரு நல்ல மனுசன், ஆனா எங்க ஊருக்கு அன்னிக்குதான் மொதல் தடவை வர்றாரு, எந்த பைப்பு எங்க இருக்குனு அவருக்கு என்ன தெரியும். எல்லாம் ஊராட்சி செயலர் கையிலதான்.

மொதல்ல வரவு செலவு வாசிப்பாங்க, படிவம் 30னு பேரு. எக்ஸ்பிரஸ் வேகம். தெருவிளக்கு பராமரிப்பு, மோட்டார் ரிப்பேர், பைப்லைன் சரி செஞ்ச வகையில இவ்ளோனு ஒரே மூச்சுல போகும், கைய தூக்கி "சார், கொஞ்சம் மெதுவா, அந்த தெருவிளக்கு லைன மட்டும் திரும்ப வாசிங்க"ன்னா வாசிக்கறாங்க, கோவப்படலை, அதுக்கு ஒரு சபாஷ். கேக்கலைன்னா போயிக்கிட்டே இருக்கும்.

இப்ப மெயின் மேட்டர். எங்க வீட்டுக்குப் போற பாதையில அஞ்சு கம்பத்துல லைட் எரியல, ராத்திரி ஏழு மணிக்கு மேல காட்டெருமை எறங்கி நிக்கும், அதுவும் இருட்டுல அந்த கருப்பு உருவம் பத்தடி பக்கத்துல போற வரைக்கும் தெரியவே தெரியாது, எங்கம்மா ஒரு தடவை நேருக்கு நேரா போய் நின்னு ரெண்டு நாள் காய்ச்சல்ல படுத்தாங்க. மே 1ல இத எந்திரிச்சு பேசுனேன். நல்லாவே பேசுனேன்னு நெனச்சேன், அஞ்சு நிமிஷம், கைதட்டுனாங்க, அப்பா கூட பெருமையா பாத்தாரு, பஸ்ல எறங்கி வர்றப்ப எனக்கே நான் ஏதோ எம்எல்ஏ மாதிரி ஒரு நெனப்பு. ஆகஸ்ட்டுல போய் போன தடவை தீர்மான நோட்டைக் காட்டுங்கன்னு கேட்டா, "மே மாசத்துல தெருவிளக்கு பத்தி ஒண்ணும் இல்லையே தம்பி." ஒரு வரி இல்ல. கைதட்டுனது எல்லாம் காத்தோட போச்சு.

பக்கத்துல உக்காந்திருந்த ரிட்டயர்டு போஸ்ட்மேன் மாமா சிரிச்சாரு. "பேச வந்தியா, எழுத வைக்க வந்தியா?" அவரு சொன்னபடி அங்கயே ஸ்கூல் சுவத்துல பேப்பரை வச்சு மனு எழுதுனேன், ரெண்டு காப்பி, ஒண்ணு அவங்களுக்கு, இன்னொண்ணுல வாங்கிக்கிட்டோம்னு கையெழுத்து போட்டு நமக்கு. எருமை கதை, அம்மா காய்ச்சல் எல்லாம் தூக்கிப் போட்டாச்சு, எந்த பாதை, எந்தெந்த கம்பத்து நம்பர், மொத்தம் அஞ்சு, அவ்ளோதான். ரெண்டே நிமிஷம் பேசிட்டு "இத தீர்மானமா எழுதுங்க சார்"னேன். "எழுதிக்கறோம், நீங்க உக்காருங்க"ன்னாரு செயலர். இந்த எழுதிக்கறோம் இருக்கே, நாளைக்கு வாங்கங்கறதுக்கு தங்கச்சி.

அப்பதான் நான் எதிர்பாக்காதது நடந்துச்சு. கோரம், அதாவது கூட்டத்துக்குக் குறைஞ்சது இத்தனை பேர்னு ஒரு கணக்கு இருக்கு, எங்களோடது மாதிரி ஐநூறுக்கு மேல, மூவாயிரம் ஜனத்தொகைக்குள்ள இருக்கற ஊராட்சின்னா 100 பேர் வந்திருக்கணும், கையெழுத்து இருக்கணும், இல்லன்னா கூட்டம் செல்லாது. அந்த நூறுல முக்காவாசி நூறு நாள் வேலைக்குப் போற அக்காங்கதான், வழக்கமா வந்ததும் கையெழுத்து வாங்கிருவாங்க, அப்புறம் பாதிப்பேர் கண்ணு பஸ் மேலதான். அன்னிக்கு மழையினால வருகைப் பதிவேடு லேட்டாதான் சுத்துச்சு, சரியா நான் பேசி முடிச்சப்ப அது தார்ப்பாய்ல எங்க மேல்வீட்டு அக்கா மடியில இருக்கு. அவங்க பேனாவை மூடிட்டு, எந்திரிக்கக் கூட இல்ல, உக்காந்தபடியே, "அந்தத் தம்பி சொன்னத எழுதி வாசிங்க, அப்புறம் நாங்க கைய வைக்கறோம்"னாங்க. சத்தம் போடல. பக்கத்துல இருந்த பாட்டி ஒண்ணு, கைநாட்டு வைக்க மை தொட்ட வெரலை சேலையிலயே தொடச்சுக்கிச்சு. பற்றாளர் செயலரைப் பாத்தாரு, செயலர் நோட்டைப் பாத்தாரு, எழுதிட்டாரு, மைக் இல்லாமலே வாசிச்சாரு, கம்பத்து நம்பரோட. அதுக்கப்புறம்தான் பதிவேடு நகந்துச்சு.

மொத்தமா 5க்கு 3. டைமுக்கும் மைக்குக்கும் ரெண்டு போச்சு. சேலம் கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை மனு குடுக்கறதும் ஒரு வழிதான், ஆனா அங்க நீங்க ஒத்தை ஆளு, இங்க பக்கத்துல நூறு பேர். போறவங்க பேனா ஒண்ணு, வெள்ளைப் பேப்பர் நாலு, ஒரு குடை கொண்டு போங்க. எழுதுனத வாசிக்கச் சொல்லாம உக்காராதீங்க. தீர்மான நகல் வாய்ல கேட்டு குடுக்கலைன்னா 10 ரூவா கட்டி ஆர்டிஐல (தகவல் உரிமைச் சட்டம்) கேக்கலாம்.

செப்டம்பர் கடைசிக்குள்ள அஞ்சுல மூணு எரிஞ்சிருச்சு. மிச்ச ரெண்டுல ஒண்ணு கரெக்டா அந்த எருமை நிக்கிற திருப்பத்துல. அடுத்த கூட்டத்துக்கு மனு ரெடி பண்ணிட்டேன், அக்காகிட்ட ஃபோன்ல சொல்லியாச்சு, "நீ வா, பேனாவை நான் மூடி வைக்கறேன்"னாங்க.