நட்சத்திரப் படம் எடுக்க செகண்ட் ஹேண்ட் லென்ஸ் வாங்குகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

பால்வீதி எடுப்பதற்காகச் சென்னையில் ஒரு கடையில் 14 எம்எம் எஃப்2.8 மேனுவல் லென்ஸ் (வானத்தை அகலமாகப் பிடிக்கும் வைட் லென்ஸ், ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும்) ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். "ஆஸ்ட்ரோ எடுக்கிறவர் வைத்திருந்தது சார், பக்கா கண்டிஷன்" என்று சொல்லி, அதில் எடுத்த படங்களையும் காட்டினார்கள். எல்லாமே பட்டப்பகலில் எஃப்8-இல், அதாவது லென்ஸின் துளையைச் சுருக்கி எடுத்தவை. எஃப்8-இல் சுமாரான லென்ஸ்கூட நல்ல லென்ஸாகத் தெரியும். நமக்கு வேண்டியது, இருட்டில் எஃப்2.8-இல் முழுதாகத் திறந்து 20 விநாடி வைத்தால் அது என்ன தருகிறது என்பது.

மாசி அமாவாசைக்கு ஜவ்வாது மலை, காவலூர் பக்கம் போனேன். கேமரா திரையில் தெரியும் லைவ் வியூவை 10 மடங்கு பெரிதாக்கி, பிரகாசமான சிரியஸ் நட்சத்திரம் ஆகச் சிறிய புள்ளியாகும் வரை ஃபோகஸ் வளையத்தைத் திருப்பி, அசையாமல் டேப் ஒட்டி எடுத்தேன். படத்தின் நடுவில் நட்சத்திரங்கள் துல்லியம், இடது ஓரமும் பரவாயில்லை, வலது ஓரத்தில் மட்டும் எல்லாம் கோடுகோடாக இழுபட்டிருந்தன. கேமராவைத் தலைகீழாகத் திருப்பி எடுத்தாலும் படத்தில் அதே ஓரம்தான் கெடுகிறது, வேறு லென்ஸ் மாட்டினால் நான்கு மூலையும் சுத்தம். அதாவது லென்ஸுக்குள் ஒரு கண்ணாடி நடுவிலிருந்து விலகியிருக்கிறது. கீழே விழுந்த லென்ஸிலும் கழற்றிப் பூட்டிய லென்ஸிலும் வருகிற கோளாறு இது.

கடையில் காட்டினால், "வைட் லென்ஸ் எல்லாமே ஓரத்தில் இப்படித்தான் சார்" என்றார்கள். இந்தப் பதிலில்தான் பலரும் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் இதில் பாதி உண்மை. கோமா என்கிற ஓரக் குறை வைட் லென்ஸ்களில் இருப்பதுதான், ஓர நட்சத்திரம் சிறகு விரித்த மாதிரி தெரியும். ஆனால் நான்கு மூலையிலும் ஏறக்குறைய ஒரே அளவில் வரும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் லென்ஸ் பழுது என்று அர்த்தம்.

அப்புறம் "இன்ஃபினிட்டி செட் பண்ணித் தருகிறோம்" என்று, அதாவது வெகுதூரப் பொருளுக்கான ஃபோகஸைச் சரிசெய்வதாகச் சொல்லி, 2,800 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். திரும்பி வந்தபோது மவுன்ட் (கேமராவில் மாட்டும் பகுதி) ஸ்க்ரூக்களின் தலை தேய்ந்திருந்தது. வெயிலுக்கும் குளிருக்கும் ஃபோகஸ் கொஞ்சம் நகரும் என்பதால் இந்த மாதிரி லென்ஸ்களில் வளையம் இன்ஃபினிட்டியைத் தாண்டியும் சற்றுத் திரும்பும். இப்போது அதற்கு முன்பே முட்டி நின்றுவிடுகிறது, எந்த நட்சத்திரமும் புள்ளியாகவே வருவதில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டால் "பில்லில் நோ வாரண்டி போட்டிருக்கே" என்கிறார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன்.

நீங்கள் வாங்கப் போனால் பொழுது சாய்ந்த பிறகு போங்கள். தெருக்கோடியில் இருக்கிற ஏதாவது ஒரு சின்ன விளக்கை நடுவில் வைத்து ஃபோகஸ் செய்து, அதன்பின் வளையத்தைத் தொடாமல் அதே விளக்கை நான்கு மூலையிலும் வைத்து எஃப்2.8-இல் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். வளையத்தை மேலும் திருப்பினால் விளக்கு மறுபடி மங்க வேண்டும். மவுன்ட் ஸ்க்ரூக்களைப் பாருங்கள். எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள், எழுத மாட்டோம் என்றால் லென்ஸை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.