பிசினஸ் டின்னருக்கு உணவகம்: பலமுறை பயன்படுத்தியபின் தெரிவது

முக்கியமான வாடிக்கையாளரையோ முதலீட்டாளரையோ இரவு உணவுக்கு அழைக்கும்போது பெரும்பாலோர் முதலில் பார்ப்பது உணவகத்தின் பெயரை. இதே வேலைக்கு உணவகங்களை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தினால் அந்த வரிசை மாறிவிடும். முதலில் சத்தம், அடுத்து நேரம், பிறகு மேசை, அதற்கும் பிறகுதான் சமையல். சமையல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று இதற்குப் பொருளில்லை. நல்ல பெயரெடுத்த இடத்தில் சாப்பாடு அநேகமாகக் காலை வாராது. வாருவது மற்ற மூன்றும்தான்.

நட்சத்திரங்களும் மதிப்பெண்களும் இதற்கு உதவுவதில்லை. கார் ஓட்டுபவர்களுக்காக 1900-இல் தொடங்கி, இன்று உணவகங்களைத் தரம்பிரிப்பதற்குப் பெயர்பெற்ற மிஷலின் கையேடு 1926-இல் நட்சத்திரம் கொடுக்க ஆரம்பித்தது. மூலப்பொருளின் தரம், சமையல் நுட்பம், சுவைகளின் இசைவு, சமையல்காரரின் தனித்தன்மை, ஒவ்வொரு முறையும் மாறாத தரம் ஆகிய ஐந்தை வைத்துத்தான் அதைத் தருகிறார்கள். எல்லாமே தட்டில் இருப்பது. அந்த மேசையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேச முடியுமா என்ற கேள்விக்கு நட்சத்திரத்தில் விடை இல்லை. இணைய விமர்சனங்களிலும் சராசரி மதிப்பெண்ணை விட்டுவிடுங்கள். கடைசி ஆறு மாத விமர்சனங்களில் ‘சத்தம்’, ‘காத்திருந்தோம்’, ‘எழுப்பிவிட்டார்கள்’ என்ற சொற்களைத் தேடுங்கள். அதுதான் உங்களுக்கு வேண்டிய தகவல்.

சத்தத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 60 டெசிபல். சுற்றுப்புறச் சத்தம் 70-ஐத் தாண்டினால் குரலை உயர்த்த வேண்டிவரும், 75-க்கு மேல் போனால் முன்னால் சாய்ந்து பேச வேண்டும். சத்தமான இடத்தில் மனிதர்கள் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார்கள் என்பதை எத்தியென் லம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் விளக்கினார். உணவகத்தில் இது சங்கிலிபோல் நடக்கும். ஒரு மேசை சத்தமாகப் பேச, பக்கத்து மேசை அதைவிடச் சத்தமாகப் பேசும். அதனால்தான் ஏழு மணிக்கு அமைதியாக இருந்த கூடம் எட்டரைக்குச் சந்தைக்கடை ஆகிவிடுகிறது. 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இருமடங்கு சத்தமாகத் தெரியும் என்பதால், 65-க்கும் 75-க்கும் உள்ள இடைவெளியைச் சிறியதாக நினைக்க வேண்டாம்.

இடத்தை நேரில் போய்ப் பார்க்கும்போது சுவர், தரை, கூரை மூன்றையும் கவனியுங்கள். கண்ணாடிச் சுவர், கல் தரை, வெறும் கான்கிரீட் கூரை, துணி விரிக்காத மேசை எல்லாம் சேர்ந்த இடம் புகைப்படத்தில் பிரமாதமாக இருக்கும், ஆனால் ஒலி எங்கும் அடங்காமல் எதிரொலித்துக்கொண்டே இருக்கும். கம்பளம், கனத்த திரைச்சீலை, மெத்தை வைத்த நாற்காலி, மேசைவிரிப்பு இவையெல்லாம் ஒலியை உறிஞ்சும். போகிற நாளும் முக்கியம். விருந்து வியாழன் இரவு என்றால் வியாழன் இரவு அதே நேரத்தில் போய் அரை மணி நேரம் உட்காருங்கள். மதியம் போய்ப் பார்த்துவிட்டு ‘அமைதியான இடம்’ என்று முடிவு செய்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கைப்பேசியில் ஒலி அளக்கும் ஆப் இருந்தால் போதும். அதை மேசைமேல் வைத்து ஐந்து நிமிடச் சராசரியைப் பாருங்கள், உச்ச அளவைப் பார்க்காதீர்கள். கைப்பேசி சில டெசிபல் பிசகலாம், இருந்தாலும் இரண்டு உணவகங்களை ஒப்பிட அது தாராளமாகப் போதும்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. வயதாகும்போது காது முதலில் இழப்பது மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் உயர் அதிர்வெண் ஒலிகளை. பேசும் மொழி தாய்மொழியாக இல்லாதவருக்கும் இரைச்சலில் இதே திண்டாட்டம்தான். இந்த இரு தரப்பினருமே ‘கேட்கவில்லை’ என்று சொல்லத் தயங்கிச் சிரித்துத் தலையாட்டிவிடுவார்கள். அந்தத் தலையாட்டலை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டால் மறுநாள் மின்னஞ்சலில் சிக்கல் வரும்.

மேசையைக் கணக்குப் போட்டே தேர்ந்தெடுக்கலாம். ஒருவருக்குக் குறைந்தது 60 செ.மீ. விளிம்பு வேண்டும், 70 இருந்தால் நிம்மதி. 150 செ.மீ. விட்டமுள்ள வட்டமேசையின் சுற்றளவு சுமார் 471 செ.மீ. அதில் ஆறு பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு 78 செ.மீ., எட்டுப் பேர் என்றால் 59-தான். முழங்கை இடிக்கும். எட்டுப் பேருக்கு 180 செ.மீ. வட்டமேசை வசதிதான், ஆனால் எதிரில் இருப்பவர் அவ்வளவு தூரத்தில் இருப்பார். அமைதியான அறையில் மட்டும்தான் அது சரிவரும். நீள்மேசையில் ஆறு பேருக்கு மேல் உட்கார்ந்தால் பேச்சு இரண்டாகப் பிரியும். முக்கிய விருந்தினரை மேசைத் தலைப்பில் உட்கார வைப்பது மரியாதைபோலத் தோன்றினாலும், அங்கிருந்து இரண்டு பேருடன்தான் அவரால் பேச முடியும். நீளப்பக்கத்தின் நடுவில் உட்கார வையுங்கள். இருவர் மட்டும் என்றால் நேருக்கு நேர் உட்காருவதைவிட மூலைக்கு இருபுறமும் உட்காருவது நல்லது. ஒரு தாளை இருவரும் சேர்ந்து பார்க்க முடியும்.

விருந்தினரின் முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கட்டும். அழைத்தவர், பரிமாறுபவர்களை மேற்பார்க்கும் கேப்டனின் கண்ணில் படும் இடத்தில் உட்கார வேண்டும், அப்போதுதான் கை தட்டிக் கூப்பிடாமல் ஒரு பார்வையிலேயே வேலை முடியும். சமையலறைக் கதவு, கழிவறைக்குப் போகும் வழி, நுழைவாசல், ஏசி காற்று நேராக இறங்கும் இடம், ஸ்பீக்கருக்கு அடியில் உள்ள இடம் இவை வேண்டாம். புக்கிங்கின்போதே மேசை எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள். ‘நல்ல மேசையாகக் கொடுங்கள்’ என்றால் அவர்கள் ஜன்னலோர மேசையைத் தருவார்கள். மாலைச் சூரியன் ஒருவர் முகத்தில் அடித்துக்கொண்டே இருக்கும்.

தனி அறை எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. பாதிதான் உண்மை. பன்னிரண்டு பேருக்கான அறையில் நான்கு பேர் உட்கார்ந்தால் குரல் எதிரொலிக்கும், சூழலும் விசாரணைபோல ஆகிவிடும். பக்கத்து அறையில் பிறந்தநாள் கொண்டாட்டம் இருக்கிறதா, நடுவே இருப்பது சுவரா மடக்கும் தட்டியா என்று கேளுங்கள். மடக்குத் தட்டி சத்தத்தைச் சரியாகத் தடுக்காது, உங்கள் ரகசியமும் அந்தப் பக்கம் போகும். குறைந்தபட்சச் செலவு என்று ஒரு தொகை சொல்வார்கள். வரியும் சர்வீஸ் சார்ஜும் அதற்குள் அடங்குமா வெளியேயா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

நேரத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மேசையை எத்தனை மணிக்குத் திருப்பித் தர வேண்டும்? கூட்டமான இடங்களில் ஒரே மேசைக்கு இரண்டு புக்கிங் எடுப்பது வழக்கம். ஒன்றரை மணி நேரமோ இரண்டு மணி நேரமோதான் கிடைக்கும். உட்கார்ந்து பானம் வரும்வரை 20 நிமிடம், முதல் உணவு 25, பிரதான உணவு 40, தட்டுகளை எடுத்தபின் நிதானமாகப் பேச 40, கடைசியில் 10 என்று கூட்டினால் இரண்டே கால் மணி நேரம் ஆகிறது. விருந்தினர் தாமதமாக வருவதையும் சேர்த்தால் இரண்டரை மணி நேரத்துக்குக் குறைவாக எடுத்தால் போதாது. பேச வேண்டிய விஷயம் மேசைக்கு வருவது பிரதான உணவின் தட்டுகள் போனபிறகுதான், எழுப்பிவிடுவதும் அந்த நேரத்தில்தான். இனிப்பு மெனுவை நீங்கள் சைகை செய்தபின் கொண்டுவரச் சொல்லி கேப்டனிடம் முன்பே சொல்லுங்கள். அந்த இடைவெளி உங்களுடையதாகிவிடும்.

மெனுவில், பத்துப் பன்னிரண்டு சிறு உணவுகள் வரிசையாக வரும் டேஸ்டிங் மெனுவைத் தவிர்த்துவிடுங்கள். மூன்று மணி நேரம் ஆகும். ஒவ்வொரு தட்டுக்கும் ஒருவர் வந்து விளக்கம் சொல்லும்போது பேச்சு அறுபடும். ஆறு பேர் வரை மெனுவைப் பார்த்துச் சொல்லலாம், அதற்கு மேல் மூன்று சுற்றுள்ள செட் மெனு, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மூன்று தெரிவுகள் என்று முன்பே பேசிவைத்தால் எல்லோர் தட்டும் ஒன்றாக வரும். ஓடு உடைத்தும் எலும்பு நீக்கியும் சாப்பிட வேண்டியவற்றைத் தெரிவில் சேர்க்காதீர்கள். ஒவ்வாமை, சைவம், விரதம், மது அருந்தாமை இவற்றை விருந்தினரின் உதவியாளரிடம் ஒரு வாரம் முன்பே கேளுங்கள். மேசையில் கேட்டால் பலர் ‘எதுவானாலும் சரி’ என்பார்கள். அப்போதே அவர்கள் நிறுவனத்தில் விருந்தோம்பலுக்கு உச்சவரம்பு உண்டா என்றும் விசாரித்துவிடுங்கள். அளவுக்கு மீறிய ஆடம்பரத்தால் அவர் தன் மேலாளரிடம் விளக்கம் சொல்ல நேர்ந்தால் விருந்தின் நோக்கமே கெட்டுவிடும்.

பில் மேசைக்கு வரவே கூடாது. இருபது நிமிடம் முன்னதாகப் போய்க் கார்டைக் கொடுத்து, நிறுவனப் பெயரும் வரி எண்ணும் எழுதிக் கொடுத்து, சர்வீஸ் சார்ஜ் சேர்ந்ததா என்று கேட்டு முடித்துவிடுங்கள். ஒயின் வாங்குவதாக இருந்தால் பட்டியலில் விலையை விரலால் காட்டி ‘இதுபோல ஒன்று’ என்றால் அதைப் பரிமாறுபவருக்குப் புரியும், தொகை யார் காதிலும் விழாது.

வாகனம் நிறுத்துமிடம், படிக்கட்டு, லிஃப்ட் இவற்றை முதல்முறை போகும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். இதில் மறைவாக எதுவும் இல்லை.

நீண்டகாலத்தில் ஒரு உணவகம் கெடுவது பெரும்பாலும் சமையலால் அல்ல. உங்களை அறிந்த கேப்டன் வேலை மாறிப் போவார். புதுப்பிக்கும்போது கம்பளத்தை எடுத்துவிட்டு மரத்தரை போடுவார்கள். நல்ல பெயர் வந்ததும் இடைவெளியில் இன்னும் இரண்டு மேசை நுழையும். மேசைக்குத் தரும் நேரம் இரண்டரை மணி நேரத்திலிருந்து இரண்டாகச் சுருங்கும். ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை, விருந்து இல்லாத ஒரு நாளில் போய் டெசிபலையும் மேசை எண்ணையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். ஒரே இடத்தை நம்பாமல் இரண்டு மூன்றைச் சுழற்சியில் வைத்திருங்கள். கேப்டனின் பெயரை மட்டும் குறித்துவைக்காமல் அவருக்கு அடுத்தவருடைய பெயரையும் குறித்துவையுங்கள். விருந்துக்கு முதல்நாள் கூப்பிடும்போது அன்று பணியில் இருக்கப்போவது அவராகவும் இருக்கலாம்.