சிலிக்கோனா, சொந்தச் சதையா: திரும்ப அட்மிட் ஆக வைப்பது எது?

அரூரில் இருக்கும் என் சின்னம்மாவுக்குப் பெங்களூரில் புற்றுநோய்க்காக இடது மார்பை எடுத்துவிட்டு, அதே மயக்கத்திலேயே இம்ப்ளான்ட், அதாவது மார்பு வடிவம் தரும் சிலிக்கோன் பை, வைத்தார்கள். மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். "பஸ்லயே போயிடலாம் போல இருக்கு" என்று சிரித்தபடிதான் காரில் ஏறினார். பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் குளிர்நடுக்கம் வந்தது. தையல் போட்ட பக்கம் சிவந்து, தொட்டால் சுட்டது. பக்கத்தில் இருந்த நர்சிங் ஹோமுக்குப் போனோம். "ஆபரேஷன் செஞ்ச இடத்துக்கே போயிடுங்க" என்று ஒரு காய்ச்சல் மாத்திரையோடு அனுப்பிவிட்டார்கள். நடுராத்திரியில் கிருஷ்ணகிரி, ஓசூர் என்று போய்ச் சேர்ந்தோம். நரம்பு வழியாக நாலு நாள் மருந்து ஏற்றியும் கேட்கவில்லை. கடைசியில் இம்ப்ளான்டை எடுத்துவிட்டார்கள்.

என்னோடு வேலை பார்ப்பவரின் அக்கா காவேரிப்பட்டணத்துக்காரர். அவருக்கு வயிற்றிலிருந்து சதை எடுத்து மார்பு அமைத்தார்கள். எட்டு மணி நேர ஆபரேஷன். இரண்டாம் இரவு வைத்த சதையின் நிறம் நீலமாக மாறவே, மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டுபோய் அடைத்திருந்த ரத்தக்குழாயைச் சரிசெய்தார்கள். வீட்டார் பயந்து நடுங்கிவிட்டார்கள். ஒன்பது நாள் கழித்து வீடு வந்தார். அதன்பின் தையலைக் காட்டப் போனதோடு சரி, அட்மிட் ஆகவே இல்லை.

இரண்டு பேரை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாதுதான். ஆனால் இந்த இரண்டு கதைகளுக்கும் பின்னால் உண்மையான வித்தியாசம் ஒன்று இருக்கிறது. எது பெரிய ஆபரேஷன், எது சின்னது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கெட்டுப்போனால் எப்போது கெடும், அப்போது நாம் எங்கே இருப்போம் என்று யாரும் கேட்பதில்லை. நாங்களும் கேட்கவில்லை.

சொந்தச் சதை வைக்கும் முறையில் பெரிய ஆபத்து ரத்த ஓட்டம். வயிற்றுச் சதையை அதன் ரத்தக்குழாயோடு வெட்டியெடுத்து, மார்புப் பக்கத்தில் உள்ள குழாயோடு மைக்ராஸ்கோப் வைத்துத் தைக்கிறார்கள். அங்கே ரத்தம் உறைந்து அடைத்தால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாளுக்குள் அடைக்கும். அப்போது நோயாளி வார்டில்தான் இருப்பார். நர்ஸ் அடிக்கடி வந்து நிறமும் சூடும் பார்ப்பார். சில மணி நேரத்துக்குள் கவனித்துவிட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். கைதேர்ந்த இடங்களில் வைத்த சதை முழுதாகச் செத்துப்போவது நூற்றில் ஓரிருவருக்குத்தான்.

இம்ப்ளான்ட் அப்படியல்ல. ஆபரேஷன் சின்னது, படுக்கை நாளும் குறைவு. ஆனால் அது உடம்புக்குள் வைத்த வெளிப்பொருள். அதன்மேல் கிருமி படிந்துவிட்டால் மருந்து எளிதில் போய்ச் சேராது. காய்ச்சலும் சிவப்பும் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வரலாம். மாதங்கள் கழித்தும் வரலாம். அதாவது, நாம் வீட்டுக்கு வந்து, உறவுக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வர ஆரம்பித்த பிறகு.

அமெரிக்கக் கணக்குப்படி, இந்த வகை ஆபரேஷன்களுக்குப் பின் 30 நாளுக்குள் திரும்ப அட்மிட் ஆகிறவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ நாலைந்து பேர். பெரும்பாலும் காரணம் புண்ணில் தொற்று. ஆனால் இந்த 30 நாள் கணக்கு இம்ப்ளான்டுக்குக் கொஞ்சம் சலுகை காட்டுகிறது என்பது என் எண்ணம். 31ஆம் நாள் வரும் காய்ச்சல் அதில் சேராதே. வட அமெரிக்காவில் 2,300க்கும் மேற்பட்ட பெண்களை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2018இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. அதில் மூன்று பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு சிக்கல், ஐந்து பேரில் ஒருவருக்கு மறு ஆபரேஷன். மொத்தச் சிக்கல் சொந்தச் சதை வைத்தவர்களுக்கே அதிகம். அமைத்த மார்பையே இழப்பது மட்டும் இம்ப்ளான்டில் கூடுதல்.

ரேடியேஷன் கொடுக்க வேண்டியிருந்தால் தராசு இன்னும் சாயும். கதிர்பட்ட தோலின் கீழ் இம்ப்ளான்டைச் சுற்றி இறுக்கம் வரும், தொற்றும் கூடும். நம் பக்கத்துப் பெண்கள் கட்டி நன்றாகப் பெரிதான பிறகுதான் காட்டுகிறார்கள், அதனால் பலருக்கு ரேடியேஷன் தப்பாது. இப்படிப்பட்டவர்களுக்கு இப்போதைக்கு எதுவும் வைக்காமல், சிகிச்சையெல்லாம் முடிந்தபின் சொந்தச் சதையில் செய்துகொள்ளலாம் என்று டாக்டர் சொன்னால், தட்டிக்கழிக்கிறார் என்று நினைக்க வேண்டாம். இன்னொன்று: திரும்ப அட்மிட் ஆவதில் செலவையும் அலைச்சலையும்விடப் பெரிய நஷ்டம், கீமோ தள்ளிப்போவது. சின்னம்மாவுக்கு அதுதான் நடந்தது.

சொந்தச் சதையிலும் வகைகள் உண்டு. வயிற்றுத் தசையையும் சேர்த்து எடுத்தால் பின்னால் வயிறு தளர்ந்து குடலிறக்கம் வரலாம். குடம் தூக்கி, புல்லுக்கட்டு சுமந்து வாழ்கிறவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. தசையை விட்டுவிட்டுத் தோலும் கொழுப்பும் மட்டும் எடுப்பது நல்லது, ஆனால் அதற்கு மைக்ராஸ்கோப்பும் பழகிய கையும் வேண்டும். சிசேரியன், குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் தழும்பு இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முதுகுத் தசையைத் திருப்பி முன்னால் கொண்டுவரும் முறை பழையது, 1906இல் இத்தாலியில் தான்சினி விவரித்தது. இதில் குழாயை வெட்டித் தைக்கும் வேலையே இல்லை. முதுகில் நீர் கோத்துக்கொள்ளும், அது உண்மை. அந்த நீரை ஊசியால் எடுக்க, ஆபரேஷன் செய்த டாக்டர் சரியென்றால், தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பக்கத்து இடத்திலேயே கேட்டுப் பார்க்கலாம். பெங்களூர் வரை ஓட வேண்டாம். பென்னாகரம், அஞ்செட்டி பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்வது இந்த முதுகு முறையைப் பற்றியும் கேளுங்கள் என்பதுதான். பளபளப்பான பேர் இல்லாததால் யாரும் இதைப் பேசுவதில்லை.

எதுவும் வைக்காமல் உள்ளாடைக்குள் பேட் வைத்துக்கொள்வதும் ஒரு தேர்வுதான். திரும்ப அட்மிட் ஆகும் வாய்ப்பு இதில்தான் மிகக் குறைவு. வருஷங்கள் கழித்து மனசு மாறினாலும் செய்துகொள்ளலாம். "எனக்கு வேணாம்" என்று சொல்கிற பெண்ணிடம் போய் வற்புறுத்துகிற சொந்தக்காரர்களை மட்டும் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் வாசல்படி தாண்டும் முன் செய்ய வேண்டியவை சில உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன வைத்தார்கள், எந்த மருந்து என்று தெளிவாக எழுதி வாங்குங்கள். ராத்திரியில் கூப்பிட ஒரு நம்பர் வேண்டும். புண்ணிலிருந்து வடியும் நீர் சேரும் டிரெயின் பையில் தினமும் எத்தனை மில்லி வந்தது என்று நோட்டில் குறியுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை அந்த ஆஸ்பத்திரி ஏற்குமா, மறுபடி சேர்ந்தாலும் அதிலேயே வருமா என்று கவுண்டரில் முன்பே கேளுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினாலோ, ஒரு பக்கம் திடீரென்று வீங்கினாலோ, சீழ் வாடை வந்தாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம். மூச்சுத் திணறினால் போன் போட்டு விசாரிக்காமல் நேராக 108.

அப்புறம் புகையிலை. "ஸ்மோக் பண்றீங்களா?" என்று டாக்டர் கேட்டபோது சின்னம்மா இல்லை என்றார். பொய்யில்லை, அவர் பீடியைத் தொட்டதே கிடையாது. வெற்றிலையோடு புகையிலை போடுவதைத்தான் யாரும் கேட்கவில்லை. வாயில் அடக்கினாலும் நிகோடின் நிகோடின்தான். ரத்தக்குழாயைச் சுருக்கிப் புண் ஆறாமல் பண்ணிவிடும். ஆபத்துப் பட்டியலில் சர்க்கரை நோய், அதிக எடையோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கீமோவும் ரேடியேஷனும் முடிந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. போன மாதம் வேறொரு டாக்டரிடம் வயிற்றுச் சதை வைப்பது பற்றிப் பேசப் போனோம். சின்னம்மாவே கேட்டார்: "இது கெட்டா எப்ப சார் கெடும்?"

"பெரும்பாலும் முதல் மூணு நாள்லம்மா."

"அப்ப நான் இங்கதான இருப்பேன்" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

தேதி இன்னும் குறிக்கவில்லை. புகையிலையை விட்டு நாலு வாரம் ஆன பிறகு வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். சின்னம்மா இதுவரை இரண்டு தடவை முதல் நாளிலிருந்து எண்ண ஆரம்பித்திருக்கிறார்.